பாயிண்ட் ஒன்பது ஏழு

செத்த சனியன், செத்த சனியன் என்று பியூலா மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுத் திட்ட வழியில்லை, வாயில் பிளாஸ்டிக் குழாய் இருந்தது. குழாயின் மறுமுனையில் தலைமுடியைவிடச் சன்னமான கண்ணாடி ஊசி, ஊசியின் நுனியில் ஒரே ஒரு செல். மூச்சை அடக்கி மெல்ல உறிஞ்சி அந்தச் செல்லை ஊசியோடு ஒட்ட வைக்க வேண்டும். பலமாக இழுத்தால் கிழிந்து போகும், சோம்பினால் நழுவிப் போகும். கைக்குழந்தையின் மூக்குச்சளியை வாய் வைத்து எடுக்கிற அம்மாக்களின் பக்குவம் அதற்கு வேண்டும். பியூலாவுக்குக் குழந்தை இல்லை, பக்குவம் மட்டும் வந்திருந்தது. அவள் திட்டிய சனியன் மூலையில் கதவு திறந்து கிடந்த குளிர் இன்குபேட்டர். வியாழக்கிழமை கம்ப்ரசர் போய்ப் படுத்துக்கொண்டது. பர்ச்சேஸ் ஆபீஸுக்குப் போன் போட்டால், மூணு கொட்டேஷன் வேணும் மேடம், திங்கக்கிழமை பாப்போம் என்கிறான். ஆராய்ச்சிக்கூடத்தின் மாடியில் முகுந்தனின் கம்ப்யூட்டர் அறையில் மட்டும் ராவும் பகலும் ஏசி ஓடுகிறது, அங்கே ஒரு நாள் குளிர் குறைந்தால் டைரக்டரே ஓடி வருவார். உயிரில்லாத பெட்டிக்கு அத்தனை குளிர், உயிருள்ள செல்லுக்கு மூன்று கொட்டேஷன். செல்களை ஓர் இரவு அந்தக் குளிரில் வைத்து எடுத்தால் ஊசி நன்றாக ஒட்டும், செல்லின் மின்னோட்டமும் திரையில் பெரிய அலையாக வரும். இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கிற கைப்பழக்கம் அது, பியூலாவுக்குப் பதினைந்து வருஷப் பழக்கம். நேற்று வேறு வழியில்லாமல் தட்டுகளைச் சாதாரண இன்குபேட்டரில், உடம்புச் சூட்டில் வைத்துவிட்டுப் போனாள். இன்றைக்கு எல்லாம் கொஞ்சம் சின்னதாக வரும், வரட்டும், சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தபடி உறிஞ்சினாள். செல் ஒட்டியது. குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

ஒட்டியது சரியில்லை போல. ஊசியை மாற்றினாள். சனிக்கிழமை மதியம், கட்டடத்தில் ஆளில்லை, ஜன்னலுக்கு வெளியே மதுரை வெயில் கண்ணைப் பறித்தது. கைபேசி வெளி அறை மேசையில் கிடந்தது. பக்கத்தில் வைத்தால் அதன் இரைச்சல் திரையில் கோடு கோடாக விழும். சாயங்காலம் தூத்துக்குடியில் பிரிஸ்கா ஓடுகிறாள், நானூறு மீட்டர். அதற்கு முன்னால் இந்தத் தட்டை முடித்துவிட வேண்டும். பிரிஸ்கா, ஜாய்ஸ் அக்காவின் ஒரே மகள், பத்தொன்பது வயது, கால் மட்டுமே முக்கால் ஆள். இன்று ஜெயித்தால் ரயில்வேயில் விளையாட்டுக் கோட்டாவில் வேலை நிச்சயம் என்று கோச் சொல்லியிருக்கிறார். தையாத் தக்காவென்று நடக்கும்போதே வாசலுக்கு ஓடிய பிள்ளை. அவளைத்தான் ஒரு எண்ணைக் காட்டிக் கட்டிப்போடப் பார்த்தார்கள். ஹாஸ்டலில் விடியற்காலை மணி அடித்தபோது தூக்கத்திலிருந்து எழுந்தவள் அப்படியே மயங்கி விழுந்தாள். சோறு சரியாகத் தின்றிருக்க மாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டாக்டர் இசிஜி எடுத்தார், கோடு சந்தேகப்படுகிற அளவுக்குக் கொஞ்சம் நீண்டிருந்தது, ரத்தத்தை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். அங்கேதான் பிடித்தது சனியன். இதயத்தின் செல்களில் பொட்டாசியம் வெளியேறுவதற்குச் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அந்தக் கதவு திறந்தால்தான் இதயம் ஓய்ந்து அடுத்த துடிப்புக்குத் தயாராகும். திறக்காவிட்டால் துடிப்பு தாறுமாறாகி ஆள் விழலாம், விழுந்தவர் எழாமலும் போகலாம். அந்தக் கதவைக் கட்டுகிற மரபணுவில் பிரிஸ்காவுக்கு ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. உலகத்தில் யாரிடமும் இதுவரை பார்க்காத மாற்றமாம். பார்க்காத மாற்றத்தைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் சொன்னது. மீனிலும் கோழியிலும் எலியிலும் அந்த இடத்து எழுத்து மாறவே இல்லையாம், அதனால் மாறினால் கெடுதலாகத்தான் இருக்கும், நோய் தரும் வாய்ப்பு ஒன்றுக்குப் பாயிண்ட் ஒன்பது ஏழு, கிட்டத்தட்ட நிச்சயம். பக்கத்தில் சிவப்பாக ஒரு பட்டை வேறு, அடுப்பில் வைத்த கரண்டி மாதிரி.

அத்தான் அந்த ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி வைத்தார். அதை நினைத்தாலே பியூலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணப் பத்திரிகையா அது, லேமினேட் பண்ண? பாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, ஞாயிறு ஆராதனையில் பிள்ளையின் பேரைச் சொல்லி ஜெபிக்க வைத்து, ஊர் முழுக்க அவளைப் பார்த்து உச்சுக்கொட்டும்படி செய்தாயிற்று. ஓட்டத்தை நிறுத்தணும், மாத்திரை போடணும், தேவைப்பட்டா நெஞ்சுல ஒரு கருவி வைக்கணும் என்று டாக்டர் சொன்னாராம். ஒரு செல்லைத் தொட்டுப் பார்த்தாயா நீ? ஒரு கதவாவது திறந்ததா மூடியதா என்று பார்த்தாயா? புதிதாக வெட்டிய ஊசியை இறக்கி அடுத்த செல்லைத் தேடினாள். பச்சையாக ஒளிர்கிற செல்தான் வேண்டும், ஒளிர்ந்தால் பிரிஸ்காவின் மாறிய மரபணு உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். நல்ல பச்சையாக ஒன்று கிடைத்தது. குழாயைக் கடித்தாள். மாடியில் இருக்கிற முகுந்தன் இப்படி ஒரு நாளாவது குழாயைக் கடித்திருப்பானா? அவனுக்கு முப்பத்திரண்டு வயது, சட்டை கசங்காது, அந்தக் கம்ப்யூட்டர் கணிப்பு முறைகளைப் பற்றி ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிறான். டீக்கடையில் அவனிடம் பிரிஸ்காவின் மாற்றத்தைச் சொன்னபோது போனிலேயே போட்டுப் பார்த்து, பாயிண்ட் ஒன்பது ஏழு, ரொம்ப சிவப்பு மேடம் என்றான், கிரிக்கெட் ஸ்கோர் சொல்லுகிற குரலில். ஏன் கெடுதல், கதவு திறக்கலையா, கதவே வரலையா, எது என்று கேட்டாள். "மாடல் ஏன்னு சொல்லாது மேடம், எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும்." ஏன் என்று தெரியாதவன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? போன மாதம் கமிட்டியில் டைரக்டர் அவளைப் பார்த்துக்கொண்டே, இவ்வளவு செலவு பண்ணி ஒவ்வொண்ணா சோதிக்கணுமா, மாடலே போதுமே என்று கேட்டார். முகுந்தன் குனிந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அவளுடைய அறையில் பாதியை அவனுக்குக் கொடுக்கப் போகிறார்கள். செல் ஒட்டியது, நன்றாகவே ஒட்டியது. கதவைத் திறக்கச் சொல்லி மின்சாரக் கட்டளையைக் கொடுத்தாள். கோடு அசையவில்லை.

ஊசியில் குறை இல்லை, அப்படியென்றால் கரைசல். கரைசலை யார் கலக்கினார்கள், அவளேதான் நேற்று கலக்கினாள், உப்பு நிறுக்கும்போது பர்ச்சேஸ் ஆபீஸ்காரன் போன் பண்ணினான், அவன் கழுத்தைத் திருக வேண்டும், ஏதாவது விட்டுப்போயிருக்கும். போன வாரம் எல்லாம் எவ்வளவு அழகாக வந்தது. பிரிஸ்காவின் செல்களில் அலை எழும்பி, நின்று, வளைந்து இறங்கியது, சாதாரண மரபணு போட்ட செல்லையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது. ஒன்றில் இல்லை, எடுத்த எல்லாச் செல்லிலும். அன்றைக்கு அவளுக்குத் தலை கால் புரியவில்லை. தாழ்வாரத்தில் நின்றபடியே அக்காவுக்குப் போன் போட்டாள். ஏக்கா, பாப்பாக்கு ஒண்ணுமில்ல, கதவு நல்லாத் தெறக்குது, நான் என் கண்ணால பாத்தேன் என்றாள். அக்கா அழுதாள். அத்தான் போனை வாங்கி, டாக்டர் எழுதிக் குடுத்துருக்காரே பியூலா என்று இழுத்தார். "அவரு கம்ப்யூட்டர் சொன்னத எழுதிருக்காரு அத்தான். நான் செல்லுல பாத்து சொல்லுதேன். ஒங்களுக்கு எது பெருசு, பேப்பரா, கண்ணா?" டாக்டரை ஒருதரம் கேட்டுக்கிடுவமா என்றார். டாக்டர் என்னத்தக் கண்டாரு என்று எரிந்து விழுந்தாள். மனுஷர் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் போட்டிக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டதாக அக்கா சொன்னாள். டாக்டருக்கு முறையாக எழுதத்தான் இன்றைக்கு இன்னும் கொஞ்சம் செல்கள், சும்மா எண்ணிக்கைக்கு. எண்ணிக்கைக்கு வந்த இடத்தில் இந்த முரண்டு. கரைசலை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலக்கினாள், இந்தத் தரம் நிறுத்ததை இரண்டு தடவை பார்த்தாள். சாதாரண மரபணு போட்ட தட்டை எடுத்து ஒரு செல்லைப் பிடித்தாள். அலை எழும்பியது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக, ஆனாலும் லட்சணமாக வளைந்து இறங்கியது. பழைய கரைசலிலும் ஒரு வாய் மிச்சம் இருந்தது, அதையும் ஊற்றிப் பார்த்தாள். அதே அலை. அப்போ கரைசலில் ஒரு குற்றமும் இல்லை. ஊசி, யந்திரம், எதிலும் இல்லை. வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. திரும்பவும் பிரிஸ்காவின் தட்டு. பச்சை செல், இன்னும் பச்சையான செல், கண் கூசுகிற பச்சையில் மூன்றாவது. ஒட்டியது, ஒட்டியது, ஒட்டியது. தரைக் கோடு. மூடியில் ஒட்டிய பெயரைப் பார்த்தாள், அவள் கையெழுத்து, சரியான தட்டு.

இது அந்தக் குளிர் இன்குபேட்டரால் வந்த வினை. அது ஓடியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, நேற்று குளிரில் வைத்திருந்தால் இன்றைக்கு அலை வந்திருக்கும். வந்திருக்கும். குளிரில் வைத்திருந்தால் வந்திருக்கும். பர்ச்சேஸ் ஆபீஸ்காரனைத் திட்ட வாயெடுத்தவளுக்கு அந்த வாக்கியம் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. குளிரில் வைத்திருந்தால். வேறு ஏதாவது நினைக்கலாம் என்று பார்த்தாள், சாயங்காலம் ஓட்டம், ஜெயித்ததும் போன் பண்ணுவாள், சித்தீ என்று கத்துவாள், ரயில்வேயில் வேலை, குளிரில் வைத்திருந்தால். புரதம் மடிவதற்குச் சூடு ஒரு விஷயம் என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். வளைந்து நெளிந்து கட்டப்படுகிற கதவு, கொஞ்சம் கோணலாகக் கட்டப்பட்டால் செல் அதை வாசலுக்கு அனுப்பாமல் உள்ளேயே அழித்துவிடும். குளிரில் மெதுவாக மடிகிறபோது கோணல் கதவுகூட ஒருமாதிரி நிமிர்ந்து வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். வந்து சேர்ந்தது, போன வாரம். எல்லாச் செல்லிலும் வந்து சேர்ந்தது. அவள் பார்த்தது பொய்யில்லை, கண்ணால்தான் பார்த்தாள், குளிரில் வாழ்கிற ஒரு பிரிஸ்காவைப் பார்த்தாள். பிரிஸ்காவின் நெஞ்சுக்குள் எந்தக் கம்ப்ரசர் ஓடுகிறது? தூத்துக்குடி வெயிலில், உடம்பு சுடச் சுட ஓடுகிற பிள்ளை. பியூலா எழுந்தாள், உட்கார்ந்தாள். இப்போது யாரைத் திட்டுவது? பாயிண்ட் ஒன்பது ஏழு. அந்த எண்ணுக்குச் சூடு தெரியாது குளிர் தெரியாது, கதவு தெரியாது, பிரிஸ்காவைத் தெரியாது, மீனையும் கோழியையும் அடுக்கி வைத்துக் கூட்டிக் கழித்து ஒன்றைச் சொன்னது. ஏன் என்று கேட்டால் விழிக்கும். ஆனாலும் அது சொன்னதுதான் சரி. அதுதான் அவளுக்கு ஆத்திரத்திலும் ஆத்திரம். தப்பாகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? எத்தனை தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறது, போன வருஷம் சிவப்பு என்று அது காட்டிய மாற்றங்களில் மூன்றில் ஒன்றை அவள் செல்லில் போட்டுப் பார்த்து, இல்லை, இது சாதுதான் என்று நிரூபித்து அதே கமிட்டியில் முகுந்தனின் மூக்கை உடைத்தாளே. உடைத்தாள். அந்தச் செல்களை எங்கே வைத்திருந்தாள்? அதே குளிரில். அவர்களுக்கெல்லாம் முகம் இல்லை, ஊர் தெரியாது, ரிப்போர்ட்டில் ஒரு எழுத்தும் எண்ணும்தான். இதற்கு முகம் இருக்கிறது. அத்தானைப் பேப்பரா கண்ணா என்று கேட்டாளே, அந்த வாயை என்ன செய்வது, டாக்டரை ஒருதரம் கேட்டுக்கிடுவமா என்ற மனுஷரை என்ன எரிச்சலோடு அடக்கினாள். அவருக்குப் பயம் இருந்தது, பயந்த மனுஷன் சரியாகப் பயந்திருக்கிறார், இவளுக்குத்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது. முகுந்தனை ஜெயிக்க வேண்டும், டைரக்டரை ஜெயிக்க வேண்டும், அதற்கு அக்கா மகளின் நெஞ்சு. சீ. ஓட்டத்தின் தொடக்கத்தில் துப்பாக்கி சுடுவார்களே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. கதவு திறக்காத இதயத்தைத் தடுமாற வைக்கத் திடீர்ச் சத்தம் ஒன்று போதும், மணிச்சத்தத்துக்கே விழுந்த பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் சுடுவார்கள். நாற்காலி பின்னால் சரிந்து விழ, வெளி அறைக்கு ஓடினாள்.

பிரிஸ்காவின் போன் அணைத்திருந்தது. அக்காவுடையது மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடு, எடு, எடு, எடுத்துத் தொலை. மூன்றாம் தடவை அத்தான் எடுத்தார். பின்னால் மைதானத்து இரைச்சல், ஒலிபெருக்கி, யாரோ விசிலடித்தார்கள்.

"சொல்லு பியூலா. ஒங்க அக்கா தண்ணி வாங்கப் போயிருக்கா. இன்னும் ஆரம்பிக்கல, பசங்க ஓட்டம் முடிஞ்சு அடுத்தது இவதான்."

"அத்தான், அவள ஓட விடாதீங்க."

"என்னது?"

"ஓட விடாதீங்க அத்தான். நான் சொன்னது தப்பு. டாக்டர் சொன்னதுதான் சரி. இப்பதான் பாத்தேன்."

அவர் ஏசுவார் என்று காத்திருந்தாள். ஏசினால் நன்றாயிருக்கும், கையெழுத்துப் போட வச்சியே பாவி என்று நாலு பேர் முன்னால் கத்தினால் கொஞ்சம் மூச்சு விடலாம். செருப்புச் சத்தம்தான் கேட்டது, ஓடுகிறார், அறுபதை நெருங்குகிற மனுஷன் இரைக்க இரைக்க ஓடுகிறார், பிரிஸ்கா, ஏ பிரிஸ்கா என்று கூப்பிடுகிறார். யாரோ, பெரியவரே உள்ள வரக் கூடாது என்கிறார்கள். தள்ளு முள்ளு. பியூலா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி எந்த நொடியில் துப்பாக்கி வெடித்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஜெபிக்கத் தோன்றவில்லை. ஜெபிக்கிறவர்களின் மேல் இத்தனை நாள் எரிந்து விழுந்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

"என்ன சித்தி?" பிரிஸ்காவின் குரல். மூச்சு வாங்கியது, கால்களைச் சூடேற்றிக்கொண்டிருந்திருப்பாள். "அப்பா என்னமோ சொல்லுதாவ."

"ஓடாத பாப்பா. கதவு தெறக்கல. போன வாரம் தெறந்தது நான் குளிர்ல வச்சதால. ஒடம்புச் சூட்டுல வச்சா ஒண்ணுமே வரல. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"நேத்துக்கூட வேகமா ஓடுனேன் சித்தி. ஒண்ணும் ஆகலயே."

"ஆகாம இருந்தது நம்ம நல்ல காலம்ட்டி. மாத்திரையாவது போடுதியா?"

"கால் கல்லு மாதிரி இருக்குன்னு விட்டுட்டேன். நீங்கதான ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க." பிறகு அவளுக்குக் கோபம் வந்தது, அது பியூலாவின் கோபம்தான், அதே ஜாடை, அதே உடைகிற குரல். "கம்ப்யூட்டரு சும்மா சொல்லுது, செல்லுல பாக்கதுதான் நெசம்னு சொன்னீங்கள்ல? கண்ணால பாத்தேன்னு சொன்னீங்கள்ல? இன்னிக்குப் பாக்கதுதான் நெசம்னு எப்படி நம்ப? நாளைக்கு வேற எதுலயாவது வச்சுப் பாத்துட்டு மாத்திச் சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன்" என்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்ல அவளால் முடியாது, யாராலும் முடியாது.

"போன வாரம் ஒங்களுக்கு என்னதான் சித்தி தெரிஞ்சிச்சு?"

"நீ ஓடணும்னு மட்டும்தான் தெரிஞ்சிச்சு" என்றாள் பியூலா.

போனை யாரும் வைக்கவில்லை. ஒலிபெருக்கியில் நானூறு மீட்டர் பெண்கள் வரிசைக்கு வரவும் என்றார்கள், ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். நான்காவது தடத்துக்குப் பிரிஸ்கா ஞானராஜ் என்று கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். முள் வைத்த பூட்ஸின் வாரைப் பர்ரென்று பிரிக்கிற சத்தம் பியூலாவின் காதில் விழுந்தது. வரவில்லையா என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள், அதற்கு யாரும் பதில் சொல்லாததால் அடுத்த பெயரை வாசித்தார்கள்.